ஜேர்மனியின் முதல் பெண் அமைச்சர்

சித்திரைப் புத்தாண்டு எங்கட ஆக்களுக்கு மருத்துநீரோடுதான் தொடங்குகிறது. தலையில் மருத்துநீர் வைத்து முழுகிய பிறகுதான் புது உடுப்பு, பொங்கல், கைவிசேஷம் எல்லாம். சுகம் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பது எங்கள் முன்னோரின் கணக்கு. ஆகவே இந்தப் புத்தாண்டு மலரில், நாங்கள் வாழ வந்த இந்த நாட்டின் சுகாதாரத்துக்கு முதன்முதலில் தனி அமைச்சராகப் பொறுப்பேற்ற ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

அவர் பெயர் எலிசபெத் சுவார்ட்ஸ்ஹவுப்ற். 1961 ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1966 ஆம் ஆண்டு நவம்பர் வரை மேற்கு ஜேர்மனியின் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர். அந்த அமைச்சு அவரோடுதான் பிறந்தது. இந்த நாட்டின் மத்திய அரசில் அமைச்சராக அமர்ந்த முதலாவது பெண்ணும் அவரே. அவர் வைத்தியர் அல்ல, சட்டம் படித்தவர். பதவி ஏற்கும்போது வயது அறுபது. பதவியில் அமர்ந்து இரண்டு கிழமை ஆவதற்குள், இந்த நாட்டின் மருந்து வரலாற்றிலேயே பெரிய துயரம் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது.

1901 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் திகதி பிராங்பேர்ட் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் கல்வித்துறையில் இருந்தவர், அரசியலிலும் ஈடுபட்டுப் பிரஷ்ய மாநில சபையில் உறுப்பினராக இருந்தார். வீட்டிலே புத்தகமும் அரசியல் பேச்சும் இருந்த குடும்பம். அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை படித்து ஆசிரியை ஆகலாம், அதற்கு மேலே கதவு பூட்டியிருந்தது. ஜேர்மனியில் பெண்கள் நீதிபதியாகவும் சட்டத்தரணியாகவும் வரலாம் என்ற சட்டம் 1922 ஆம் ஆண்டுதான் வந்தது. கதவு திறந்ததும் உள்ளே நுழைந்த முதல் தலைமுறைப் பெண்களில் எலிசபெத்தும் ஒருவர். சட்டப் பரீட்சைகளை முடித்து, பிராங்பேர்ட்டில் பெண்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடத்தில் வேலை செய்தார். புருசன் கைவிட்டவள், சம்பளம் கிடைக்காதவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று வரிசையில் நின்ற பெண்களின் கதையை அங்கேதான் கேட்டார். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி பிழையாக இருந்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அவர் கற்றுக்கொண்டது பல்கலைக்கழகத்தில் அல்ல, அந்த மேசையில்தான்.

பிறகு டோட்முண்டிலும் பிராங்பேர்ட்டிலும் இளம் நீதிபதியாக வேலை பார்த்தார். ஹிட்லரின் கட்சி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1932 ஆம் ஆண்டு, அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தால் ஜேர்மன் பெண்கள் எதை எதிர்பார்க்க வேண்டியிருக்கும் என்று கேட்டு ஒரு சிறு பிரசுரம் எழுதி எச்சரித்தார். அடுத்த வருடமே அவர் எச்சரித்தது நடந்தது. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நீதித்துறையில் பெண்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. எலிசபெத்தின் வேலையும் போயிற்று.

வேலை மட்டும் போகவில்லை. அவர் மணம் செய்வதற்கு நிச்சயித்திருந்தவர் ஒரு யூத வைத்தியர். யூதர் என்ற ஒரே காரணத்தால் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. எலிசபெத் இங்கேயே தங்கினார். அந்தத் திருமணம் நடக்கவே இல்லை. அவர் பிறகு யாரையும் மணம் முடிக்கவுமில்லை. ஒருவர் கடல் கடந்து போக, மற்றவர் ஊரிலேயே நிற்க, நடுவிலே வாழ்க்கை அறுந்து போவது என்றால் என்ன என்பதை எங்கட சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. எத்தனையோ வீடுகளில் அந்தக் கதை இருக்கிறது.

அதன் பிறகு அவர் பேர்லினில் ஓய்வூதியக்காரர் சங்கம் ஒன்றில் சட்ட வேலை செய்தார். 1935 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1936 முதல் புரட்டஸ்தாந்து திருச்சபையின் தலைமை அலுவலகத்தில் சட்ட அலுவலராக இருந்தார். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தலைமை அலுவலகம் அன்றைய ஆட்சியோடு ஒத்துப்போன ஒன்று. ஹிட்லரை எதிர்த்து நின்ற குருமார் அதை நம்பவில்லை. எலிசபெத் ஆட்சியின் ஆளாக மாறவில்லை, ஆனால் வெளியே நின்று எதிர்த்த வீராங்கனையும் அல்ல. 1932 இல் துணிந்து எழுதியவர், பிறகு பன்னிரண்டு வருடம் தலையைக் குனிந்து வேலை செய்து உயிர் தப்பினார். பயங்கரமான காலத்தில் வாழாதவர்கள் இதை இலகுவாகக் குறை சொல்லலாம். வாழ்ந்தவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்கள்.

யுத்தம் முடிந்தபின் திருச்சபையின் பெண்கள் அமைப்பிலும், பிறகு பிராங்பேர்ட்டில் திருச்சபையின் வெளியுறவு அலுவலகத்திலும் பணியாற்றினார். 1953 ஆம் ஆண்டு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் சார்பில் பொன் நகரிலிருந்த பாராளுமன்றத்துக்குப் போனார். 1969 வரை அங்கே உறுப்பினராக இருந்தார்.

அவர் அங்கே போனபோது ஒரு பெரிய வழக்கு பாதியில் நின்றது. 1949 ஆம் ஆண்டு எழுதப்பட்ட அரசியல் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லிவிட்டது. ஆனால் பழைய குடும்பச் சட்டம் அப்படியே கிடந்தது. குடும்பத்தில் எந்த விடயத்திலும் கடைசி முடிவு புருசனுடையது. மனைவி செய்யும் வேலையைப் புருசன் நினைத்தால் நிறுத்தலாம். மனைவி கொண்டுவந்த சொத்தையும் அவனே நிர்வகிப்பான். 1953 மார்ச் மாத முடிவுக்குள் இதையெல்லாம் திருத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே தவணை கொடுத்திருந்தது. தவணை முடிந்து நாலு வருடமாகியும் அரசு இழுத்தடித்தது.

புருசனுக்கே கடைசிச் சொல் இருக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் பலர் எலிசபெத்தின் சொந்தக் கட்சிக்காரர். தேவாலயக்காரர் பலரும் அந்தப் பக்கம்தான். அவர் திருச்சபையிலிருந்து வந்தவர், கட்சிக்கும் கட்டுப்பட்டவர். ஆனாலும் இந்த விடயத்தில் அவர் கட்சியோடு நிற்கவில்லை. 1957 மே மாதம் வாக்கெடுப்பு வந்தபோது எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து வாக்களித்த ஒரு சிலரில் அவரும் இருந்தார். அந்தச் சிலரின் வாக்கால் புருசனின் கடைசிச் சொல் சட்டத்திலிருந்து நீங்கியது. புதிய சட்டம் 1958 ஜூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் விடயத்தில் தகப்பனுக்கே கடைசி முடிவு என்ற பகுதி அப்போதும் தப்பிக்கொண்டது. அதை 1959 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது.

இதை வாசிக்கிறபோது, வெள்ளைக்காரன் எல்லாவற்றிலும் முன்னுக்குத்தானே என்று நினைக்கிற எங்கட ஆக்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இலங்கையில் 1931 ஆம் ஆண்டிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சராக 1947 இல் ராஜகுமாரி அம்ரித் கௌர் வந்தார். இலங்கையில் 1956 இல் விமலா விஜயவர்தன சுகாதார அமைச்சரானார். 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரே ஆகிவிட்டார். அந்த நேரத்தில் மேற்கு ஜேர்மனியின் அமைச்சரவையில் ஒரு பெண்கூட இல்லை.

அதேநேரம் எங்கட பக்கத்தையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கலியாணம் கட்டிய பெண் தன் பெயரிலுள்ள சீதனக் காணியையே புருசனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. உறுதி அவள் பெயரில், கடைசிச் சொல் அவனுடையது. எலிசபெத் 1957 இல் எதை எதிர்த்து வாக்களித்தாரோ, அதன் சொந்தச் சகோதரிதான் எங்கட உறுதிப் பெட்டிக்குள் இருக்கிறது.

இனி அமைச்சுக் கதைக்கு வருவோம். 1961 செப்டம்பர் தேர்தலில் அடனவரின் கட்சி அறுதிப் பெரும்பான்மையை இழந்தது. கூட்டணி பேசி அமைச்சுப் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறையாவது ஒரு பெண்ணை எடுக்க வேண்டும் என்று கட்சிப் பெண்கள் கேட்டார்கள். அடனவர் பிடி கொடுக்கவில்லை. 1949 ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் இருந்த நாலு பெண்களில் ஒருவரான ஹெலனே வேபருக்கு அப்போது எண்பது வயது. அவர் தலைமையில் பெண் உறுப்பினர்கள் பிரதமர் மாளிகைக்குப் போய், பதில் கிடைக்கும்வரை அசைவதில்லை என்று இருந்துவிட்டார்கள். எண்பது வயதுக் கிழவி வாசலில் குந்தியிருக்க, எண்பத்தைந்து வயதுக் கிழவர் கடைசியில் இணங்கினார்.

ஆனால் இருக்கிற அமைச்சு எதையும் கொடுக்கவில்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். உள்நாட்டு அமைச்சில் ஒரு பகுதியாக இருந்த சுகாதாரத்தைப் பிரித்தெடுத்து, அதோடு வேறு சில பிரிவுகளையும் சேர்த்து 1961 நவம்பர் 14 ஆம் திகதி தனி அமைச்சாக்கி எலிசபெத்திடம் கொடுத்தார்கள். அமைச்சரவையில் அடனவர் வழக்கம்போல ஐயாமாரே என்று மட்டும் விளித்தாராம். எலிசபெத் அதைச் சுட்டிக்காட்டியபோது, இந்த இடத்தில் நீங்களும் ஒரு ஐயாதான் என்று கிழவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

அந்த அமைச்சிடம் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்று பார்த்தால்தான் மிச்சக் கதை விளங்கும். மருத்துவக் காப்புறுதி, அதாவது நாங்கள் கிராங்கன்காசே என்று சொல்லுகிற காசு முழுவதும், தொழில் அமைச்சின் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி, தடுப்பு மருந்து, ஊர் ஊராக இருக்கிற சுகாதார அலுவலகம் எல்லாம் மாநிலங்களின் கையில். மத்திய அமைச்சருக்குச் சட்டம் எழுதலாம், மாநிலங்களைக் கூப்பிட்டுப் பேசலாம், கெஞ்சலாம். கட்டளை போட அதிகாரம் குறைவு. பெயர் பெரிது, பெட்டி வெறிது.

அந்த நிலையில்தான் கொன்ரகான் விவகாரம் வெடித்தது. தலிடோமைட் என்ற பொருளைக் கொண்ட அந்தக் குளிசையை கிறூனன்தால் கொம்பனி 1957 ஒக்டோபரில் விற்பனைக்கு விட்டது. நித்திரைக்கும் மனப்பதற்றத்துக்கும் நல்லது, பயமே இல்லாத மருந்து என்று விளம்பரம். வைத்தியரின் சீட்டும் தேவையில்லை, மருந்துக்கடையில் போய் வாங்கலாம். கர்ப்பிணித் தாய்மாரும் குடித்தார்கள். 1959 இலிருந்தே நரம்புப் பாதிப்பு வருகிறது என்று வைத்தியர்கள் முறைப்பட்டார்கள். கை கால் வளராத, தோளிலிருந்து நேரே விரல் முளைத்த குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் கூடக்கூடப் பிறந்தன. 1961 நவம்பர் நடுப்பகுதியில் ஹம்பேர்க் குழந்தை வைத்தியர் விடுகின்ட் லென்ஸ், காரணம் இந்தக் குளிசைதான் என்று கொம்பனிக்கும் பிறகு வைத்தியர் கூட்டத்திலும் சொன்னார். நவம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் கொம்பனி மருந்தைத் திருப்பி எடுத்தது. அமைச்சு திறந்து பன்னிரண்டாவது நாள்.

மேற்கு ஜேர்மனியில் மட்டும் ஏறத்தாழ ஐயாயிரம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. பலர் கைக்குழந்தையாகவே இறந்துபோயினர். அமெரிக்காவில் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, ஆதாரம் போதாது என்று அனுமதி கொடுக்காமல் பிடித்துவைத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது. கிழக்கு ஜேர்மனியும் அதை அனுமதிக்கவில்லை. மேற்கு ஜேர்மனியில் ஏன் ஒருவரும் மறிக்கவில்லை? மறிக்கிற கதிரையே இருக்கவில்லை. 1961 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த முதலாவது மருந்துச் சட்டம்கூட, கொம்பனி தன் மருந்தைப் பதிவுசெய்தால் போதும் என்றது. அது பாதுகாப்பானதா என்று அரசு சோதிக்கத் தேவையில்லை. கொம்பனியின் நேர்மையை நம்பி நாடு குளிசை குடித்தது.

இந்தத் துயரம் எலிசபெத் உண்டாக்கியது அல்ல. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது போதுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வீட்டு அலுமாரிகளில் மிஞ்சிக் கிடந்த குளிசைகளைப் பற்றி இன்னும் உரத்து எச்சரித்திருக்கலாம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசே முன்வந்து பணம் கொடுத்திருக்கலாம் என்று பெற்றோர் மனம் வெதும்பினார்கள். அரசுக்குச் சட்டப்படி பொறுப்பு இல்லை என்ற நிலைப்பாட்டிலேயே அவர் நின்றார். சட்டத்தரணிக்கு அது சரியான பதில். கையில்லாத பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்க்கு அது பதிலே அல்ல. இளம் வயதில் இலவச ஆலோசனை மேசையில் இருந்து பெண்களின் கண்ணீரைப் பார்த்தவர், இந்தத் தாய்மாரிடம் இன்னும் ஓர் அடி கிட்டப் போயிருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கொம்பனி மீதான வழக்கு 1968 இல் தொடங்கி 1970 டிசம்பரில் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. கொம்பனி கொடுக்க இணங்கிய பத்துக்கோடி மார்க்கோடு அரசும் பணம் போட்டு உதவி நிதியம் அமைக்கும் சட்டம் 1971 இல்தான் வந்தது. அப்போது அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயது. கொம்பனி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2012 இல். பிள்ளைகளுக்கு ஐம்பது வயது.

ஆனால் சட்டத்தை அவர் சும்மா விடவில்லை. 1964 ஜூனில் மருந்துச் சட்டம் திருத்தப்பட்டது. புது மருந்தைச் சோதித்த அறிக்கைகளைக் கொம்பனி காட்ட வேண்டும் என்றும், விளைவு முழுதாகத் தெரியாத புதுப் பொருட்களை வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றும் வந்தது. முழுமையான அனுமதி முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1978 இலிருந்து வந்தது. இன்று மருந்துக்கடையில் சீட்டு எங்கே என்று கேட்டால் எங்கட சனம் முணுமுணுக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐயாயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கோ.

அவர் காலத்தில் நடந்த நல்ல காரியம் ஒன்றும் உண்டு. இளம்பிள்ளைவாதம் மேற்கு ஜேர்மனியில் 1961 ஆம் ஆண்டு மட்டும் 4,600 பேருக்கு மேல் வந்தது. கிழக்கு ஜேர்மனி 1960 இலேயே வாயால் கொடுக்கும் சொட்டு மருந்தைத் தொடங்கி நோயை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. 1961 இல் மேற்குக்கும் மருந்து தருகிறோம் என்று கிழக்கு சொன்னது. மேற்கு வாங்கவில்லை. நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது, அரசியலுக்குத்தான் தெரியும். 1962 இலிருந்து மேற்கிலும் மாநிலம் மாநிலமாகச் சீனிக்கட்டியில் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். புது அமைச்சு மாநிலங்களோடு சேர்ந்து அதற்குத் துணை நின்றது. 1965 இல் நோய் கண்டவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

சுற்றாடல் என்ற சொல்லை அரசியல்வாதிகள் பேசத் தொடங்கும் முன்பே, காற்று, தண்ணீர் எல்லாம் அவர் அமைச்சில் இருந்தன. சலவைத் தூளால் ஆறுகளில் நுரை மலைபோல மிதந்த காலம் அது. தண்ணீரில் சிதைந்து போகக்கூடிய பொருளால்தான் சலவைத் தூள் செய்ய வேண்டும் என்ற விதி 1964 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் தொழிற்சாலைப் புகைக்கும் அளவு வகுக்கப்பட்டது. இதற்கெல்லாம் மேடையில் மாலை விழாது. நுரை போன பிறகு நுரை இருந்ததையே சனம் மறந்துவிடும்.

1966 இல் கூட்டணி மாறியபோது அவர் பதவி முடிந்தது. அந்தக் கதிரையில் அடுத்ததாக அமர்ந்தவரும் ஒரு பெண்தான், சமூக ஜனநாயகக் கட்சியின் கேற்ற ஸ்ரோபல். 1969 இல் பாராளுமன்றத்தை விட்டு விலகிய எலிசபெத், 1970 முதல் 1972 வரை ஜேர்மன் பெண்கள் பேரவைக்குத் தலைமை தாங்கினார். 1986 ஒக்டோபர் 29 ஆம் திகதி, பிறந்த ஊரான பிராங்பேர்ட்டிலேயே காலமானார். 1997 இல் அவர் முகம் தபால் தலையில் வந்தது. ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தில் எங்கட ஆக்கள் பலர் அது யாரென்று தெரியாமலே அவரை ஒட்டி அனுப்பியிருக்கக்கூடும்.

இந்த வாழ்க்கையில் குறையும் உண்டு, நிறையும் உண்டு. அவர் பெரிய வீராங்கனை அல்ல, பெரிய பேச்சாளரும் அல்ல. பிறர் மனமில்லாமல் கொடுத்த வெறும் பெட்டியை வாங்கி, அதற்குள் சட்டம் சட்டமாகப் போட்டு நிரப்பினார். சில இடத்தில் பிந்தினார், சில இடத்தில் கிட்டப் போகத் தவறினார். ஆனால் அவருக்குப் பிறகு ஒரு பெண்கூட இல்லாத மத்திய அமைச்சரவை இந்த நாட்டில் அமையவில்லை. 2005 இல் ஒரு பெண் பிரதமரும் வந்தார்.

இங்கே பிறந்து படிக்கிற எங்கட பெண்பிள்ளையளில் பலர் வைத்தியராகவும் தாதியாகவும் மருந்தாளராகவும் வருகிறார்கள். பெற்றோருக்கு அது பெருமை. ஆனால் ஒரு மருந்தை விற்கலாமா வேண்டாமா, ஒரு பிள்ளைக்கு உதவி உண்டா இல்லையா என்ற முடிவு எழுதப்படுகிற மேசை வேறு இடத்தில் இருக்கிறது. நகரசபையில், சுகாதார அலுவலகத்தில், மாநில அரசில், மத்திய அமைச்சில் இருக்கிறது. குடியுரிமை எடுத்தவர்கள் வாக்குப் போடப் போங்கோ. பிள்ளையளுக்குச் சட்டமும் நிர்வாகமும் படிக்க விருப்பம் என்றால் மறிக்காதேங்கோ. அந்த மேசையில் எங்கட பிள்ளை ஒன்று அமருகிற நாள் வந்தால், எதிரில் வந்து நிற்கிற தாயின் முகத்தைப் பார்த்து முடிவெழுத அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை வீட்டிலிருந்து நாங்கள்தான் பழக்க வேண்டும்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.